மாமன் போட்ட தோடும் ஒரு ட்யூப் களிம்பும்

இரண்டாம் வகுப்புக்குப் போகும்வரை எனக்குக் காது குத்தவில்லை. எங்கள் தெருவில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளின் காதில்கூடப் பொட்டுத் தங்கம் மின்னியபோது, நான் மட்டும் வெறும் காதோடு பள்ளிக்கூடம் போய்வந்தேன். இதற்குக் காரணம் வறுமை இல்லை. விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் விளைகிற சொந்த நிலம் எங்களுக்கு இருந்தது. காரணம் ஒரு பந்தி.

சித்தியின் கல்யாணத்தில், முதல் பந்தியில் அப்பாவுக்கு இலை போடவில்லை. கல்யாணத்தை எடுத்து நடத்தியவர் என் தாய்மாமன், அம்மாவின் அண்ணன். சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்த அவசரத்தில் அப்பாவைப் பார்த்து, "நீங்க நம்ம ஆளுதான, அடுத்த பந்தியில குந்துங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டின் மூத்த மாப்பிள்ளைக்கு அடுத்த பந்தியா! அப்பா எழுந்து, சாப்பிடாத கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன். ஆக, நானும் அன்று பட்டினியாகத்தான் ஊர் திரும்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. மாமன் வராத வீட்டில் மாமன் மடிக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் என் பெயரே 'மூளிக்காது' என்று ஆகிவிட்டது. வருகைப்பதிவில் வேறு பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் வாத்தியாரைத் தவிர அதை யாரும் பயன்படுத்தவில்லை.

ஒருநாள் நான் அழுதுகொண்டே வந்ததைப் பார்த்த அம்மா, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த அப்பாவின் எதிரில் போய் நின்றாள்.

"பொண்ணுக்குக் காது குத்தணும். எங்க அண்ணன் மடியிலதான் குத்தணும். நீங்க பேசாட்டியும் பரவால்ல. ஓரமா வந்து நின்னீங்கன்னா போதும்."

அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் அவள் பேசினால் அப்பா கொஞ்சம் ஆடிப்போவார். ஓரமாக நிற்பதற்கு அவர் ஒப்புக்கொண்டார்.

திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து மாமா வந்தார். வந்தார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. மயிலம் மலைக்கோயில் அடிவாரத்தில், தட்டுத் தட்டாகச் சீர்வரிசை பின்னால் வர, பட்டு வேட்டியில் மேளத்தோடு வந்தார். மாமா நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். ஊரில் அவர் வயது ஆம்பளைகள் எல்லாம் ஒட்ட வெட்டிய தலையோடு இருக்க, அவர் மட்டும் இரண்டு காதையும் மூடுகிற மாதிரி, சினிமாக்காரர் போல முடி வளர்த்திருந்தார். இப்படி ஒரு கிராப்பு வைத்த மாமன் எங்கள் வகுப்பில் யாருக்கும் இல்லை என்று எனக்கு உடனே கர்வம் வந்துவிட்டது.

அவர் மடியில் என்னை உட்கார வைத்து, வாயில் வெல்லம் கலந்த அரிசியைத் திணித்து, ஆசாரி காது குத்தினார். நான் கத்திய கத்தலை மேளக்காரர் பார்த்துக்கொண்டார். மாமா கொண்டுவந்த தோடு சிவப்புக்கல் வைத்தது. அதைப் போட்டு முடித்ததும், எல்லா மாமன்களும் சொல்கிற வழக்கமான வார்த்தையை அவரும் மலைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"மாமன் போட்டது. வருஷம் திரும்புற வரைக்கும் யாரும் கழட்டக் கூடாது!"

எங்கள் பக்கத்தில் அது வெறும் பேச்சில்லை. மாமன் போட்டதை அதற்குமுன் கழற்றினால் மாமன் உறவையே கழற்றி வைத்ததாக அர்த்தம். அப்பா சொன்னபடியே ஓரமாக நின்றார். மாமாவும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நடந்தார்கள். முதல் பந்தியில் அப்பாவுக்கு முதல் இலை போடப்பட்டது. அதில் மாமாவே வந்து உப்பு வைத்தார். ஆனாலும் பேச்சு இல்லை.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் போன தோரணையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. தலையை நேராக வைத்து நடந்தால் கல் மின்னாது என்று கண்டுபிடித்து, ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போனேன். என்னை மூளிக்காது என்று கூப்பிட்டவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தேன். ஒரு துண்டு மாங்காய் கொடுத்தால் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம். இரண்டு துண்டு கொடுத்தால் திருகிப் பார்க்கலாம். கோலி விளையாடிய கை, மாங்காய்ப் பால் ஒட்டிய கை, மூக்கைத் துடைத்த கை, எல்லாம் வந்து என் காதைத் திருகிவிட்டுப் போயின. என் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு விரலிடுக்கெல்லாம் சிரங்கு. அவன் எனக்கு மிகவும் வேண்டியவன் என்பதால் அவனுக்கு மட்டும் மாங்காய் இல்லாமலே அனுமதி கொடுத்திருந்தேன்.

இடது காது முதலில் சிவந்தது. பிறகு வீங்கியது. பிறகு மஞ்சளாக ஏதோ வடிந்து, காய்ந்து, தோட்டைச் சுற்றிப் பொருக்குத் தட்டியது.

எங்கள் தெருவில் யாருக்கு என்ன வந்தாலும் அது தெருவுக்கே வந்ததாகத்தான் கணக்கு. எதிர்வீட்டுப் பெரியம்மா மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினாள். பக்கத்து வீட்டு அத்தை அதன்மேல் சுண்ணாம்பு வைத்தாள். தண்ணீர் எடுக்க வந்தவள் ஒருத்தி அடுப்புச் சாம்பலைத் தூவிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா தன் பங்குக்கு, வண்டிமாட்டின் கழுத்துப் புண்ணுக்கு வாங்கி வைத்திருந்த கறுப்பு எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். மாட்டுக்கு ஆறியதாம். மாடு பள்ளிக்கூடம் போகவில்லை, யாரும் அதன் கழுத்தைத் திருகிப் பார்க்கவில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை.

அம்மா மட்டும் எதுவும் பூசவில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என் தலையைத் தன் மடியில் சாய்த்துக் காதைப் பார்ப்பாள். ஒருநாள் சாயங்காலம் அப்படிப் பார்த்தவள், விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வீக்கத்தில் தோடு சதைக்குள் புதைய ஆரம்பித்திருந்தது. சிவப்புக்கல்லில் பாதிதான் வெளியே தெரிந்தது.

"காலையில விழுப்புரம் போறேன். டாக்டரம்மாகிட்டக் காட்டணும்" என்றாள்.

அப்பா கயிற்றுக்கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "தோட்டைக் கழட்டுன்னு சொல்லுவாங்க. கழட்டிட்டா, உங்க அண்ணன் அப்பறம் இந்த ஊட்டு வாசப்படி மிதிப்பாரா? இப்பதான் வந்துகினு போய்கினு இருக்கலாம்னு ஆச்சு. அதுக்குள்ள பேஜாரா?"

இத்தனைக்கும் அவருக்கு மாமாவிடம் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனால் பேசாமல் இருப்பதற்காவது மாமா வந்து போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது எனக்கு இப்போது புரிகிறது.

"மொதல்ல காது இருக்கட்டும். அப்பறம் தோடு" என்றாள் அம்மா.

விழுப்புரத்தில் டாக்டரம்மாவின் கிளினிக் ரயில்வே ஜங்ஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. அவர் என் காதை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா மஞ்சளில் ஆரம்பித்து மாட்டு எண்ணெய் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"குழம்பு ஒண்ணுதான் ஊத்தல போல" என்றார் டாக்டரம்மா. பிறகு சிரிக்காமல் சொன்னார்: "கிருமி உள்ளே போயிருக்கு. நல்லவேளை, இன்னும் மேலோட்டமாத்தான் இருக்கு. ஊசிகூட வேண்டாம், ஒரு களிம்பு போதும். ஆனா தோடு புதையுது. அதை எடுத்தே ஆகணும். எடுக்கலாமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அந்த ஒரு கணத்தில் அவள் அண்ணனோ, அப்பாவோ, மயிலம் அடிவாரத்தில் கூடிய சனமோ, யார் யார் அவள் கண்முன் வந்தார்களோ தெரியாது. "எடுங்கம்மா" என்றாள்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பொருக்கை ஊறவைத்து, டாக்டரம்மா தோட்டை எடுத்தார். வலித்தது. ஆனால் நான் ஊரைக் கூட்டி அழுதது வலிக்காக இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் மூளிக்காது! அதுவும் ஒரு பக்கம் மட்டும் மூளி!

டாக்டரம்மா அம்மாவுக்கு எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆறின வெந்நீரில் காதைச் சுத்தம் செய்து, துடைத்து, களிம்பை மெல்லிசாகத் தடவ வேண்டும். அப்பிவைத்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்கக் கூடாது. காலை, மதியம், இரவு. புண் ஆறினமாதிரி தெரிந்தாலும் அவர் சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாது. இவள் துண்டை வேறு யாரும் தொடக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு காதுக்குமேல் ஏறினாலோ உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். "முக்கியமா, ஊர்ல யாரையும் இதுல கைவைக்க விடாதீங்க" என்றார்.

மெடிக்கலில் அந்தக் களிம்பை வாங்கியபோதுதான் என் அழுகை நின்றது. அது ட்யூப்! எங்கள் வீட்டில் பல்லுக்குக்கூடப் பொடிதான். ட்யூப் என்பதை நான் பட்டணத்து வீடுகளில் மட்டும் இருக்கிற சாமான் என்று நினைத்திருந்தேன். தனி அட்டைப்பெட்டி, அதற்குள் மடித்த தாள், மூடியின் பின்பக்கத்திலேயே துளைபோட ஒரு முள். தோடு போனால் என்ன, எங்கள் தெருவிலேயே தன் பெயருக்கு ஒரு ட்யூப் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். பஸ்ஸில் ஊர் வந்துசேரும்வரை பெட்டியை எல்லோரும் பார்க்கிறமாதிரி மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா அதைச் சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கே வைத்தால் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள். கணக்கு பாதிதான் சரியாக வந்தது. பெரியம்மா தன் முழங்கால் வலிக்குக் கொஞ்சம் கேட்டாள். அப்பா தன் பித்தவெடிப்புக்கு, சும்மா ஒரு விரல், என்று கெஞ்சிப் பார்த்தார். மாட்டின் கழுத்தையும் ஒருமுறை நினைவுபடுத்தினார். அம்மா யாருக்கும் அசைந்துகொடுக்கவில்லை. "இது புள்ள காதுல பூந்த கிருமிக்கு. கால் வலிக்கு இல்ல, காளைமாட்டுக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு சாதுவான பெண், சாமி மாடத்துக்கு முன்னால் காவல்காரி மாதிரி நின்றாள்.

உளுந்தளவு களிம்பை விரல்நுனியில் எடுத்து அவள் தடவும்போது நான் மூச்சுக்கூட விடாமல் இருப்பேன். வீக்கம் வற்றத் தொடங்கியது. அப்போதுதான், பங்குனி உத்திரத்துக்கு மாமா வரப்போகிறார் என்று தகவல் வந்தது.

பெரியம்மா ஓடிவந்து யோசனை சொன்னாள்: காதை மறைத்துத் தலையைத் தழையப் பின்னிவிடு, மேலே பூவை வைத்துவிடு, ஒரு நாள்தானே, வந்த மாதிரியே ஜல்தியாகப் போய்விடுவார். அப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அம்மா என்னை உட்கார வைத்தாள். முடியை இழுத்து உச்சியில் இரண்டு சடையாகத் தூக்கிக் கட்டினாள். இரண்டு காதும் பளிச்சென்று வெளியே நின்றன. ஒன்றில் சிவப்புக்கல். இன்னொன்றில் வெள்ளையாகக் களிம்பு.

"தப்புப் பண்ணுனவங்கதான் மறைக்கணும்" என்றாள்.

மாமா பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தோளில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை ஒரு மூட்டை. "எங்கடி என் மருமவ? தோடு மின்னுதா?" என்று தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்தார். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, நேற்றே தண்ணீர் பாய்ச்சி முடித்த வயலுக்கு மறுபடியும் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். தெருவில் மற்ற எல்லோருக்கும் எங்கள் வாசலில்தான் வேலை இருந்தது.

மாமா மூட்டையை இறக்கி வைத்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"யாரைக் கேட்டுக் கழட்டுன?"

நான் மத்தியான மருந்துக்காக எடுத்து வைத்திருந்த ட்யூப்பைப் பின்னால் ஒளித்துப் பிடித்துக்கொண்டு அம்மாவை ஒட்டி நின்றேன். அம்மா ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை.

"யாரையும் கேக்கலண்ணா. நான்தான் கழட்டச் சொன்னேன். உன் காதைப் பார்த்து வளந்தவ நானு. எனக்கு வேற யாரைக் கேக்கணும்?"

மாமா வாசல் குத்துக்கல்லில் உட்கார்ந்தார். பிறகு இடது கையால், அந்தச் சினிமாக் கிராப்பை மெதுவாக ஒதுக்கினார்.

அவருடைய இடது காதின் கீழ்ப்பாகம் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளந்த இரண்டு நுனியும் சுருங்கிப்போய்த் தனித்தனியாகத் தொங்கின. வெறும் மூளி இல்லை, அறுந்த காது. எங்கள் தெருவில் யாரும் அதைப் பார்த்ததில்லை. அப்பாவுக்கே தெரியாது.

"எனக்கும் எங்க மாமன் கடுக்கன் போட்டாரு" என்றார். அவருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "சீழ் புடிச்சிச்சு. மாமன் போட்டதுன்னு ஒருத்தரும் கழட்டல. காது அழுவி, கடுக்கன் அதுவா அறுத்துகினு கீழ வுழுந்துச்சு. அப்ப இவ தம்மாத்தூண்டு பொண்ணு. பக்கத்துலயே குந்திகினு பனையோலையால ஈ ஓட்டுவா." ஒதுக்கிய முடியை மறுபடியும் காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "அன்னிக்கு மயிலத்துல நானும் அதே வார்த்தையச் சொன்னேன் பாரு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அழுதுகொண்டு நிற்கவில்லை. "மத்தியானத்துக்கு மருந்து வைக்கணும்" என்றாள்.

"குடு, நான் வைக்கிறேன்" என்று மாமா என்னிடம் கையை நீட்டினார்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வா. சோப்புப் போட்டு."

அவ்வளவு பெரிய மாமா, தொட்டியடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவியதைத் தெருவே பார்த்தது. திரும்பிவந்து, மண்வெட்டிக் காம்பு மாதிரி இருக்கும் விரலில் ட்யூப்பைப் பிதுக்கினார். ஒரு தோசைக்குத் தடவுகிற அளவு வந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா வயலிலிருந்து வந்து வாசல் ஓரத்தில் நின்றிருந்தார். சண்டை வந்தால் ஓடி ஒளிய இடம் பார்த்துக்கொண்டு நின்றவர், மாமாவின் விரலைப் பார்த்ததும் பொறுக்கமுடியாமல் சொன்னார்:

"மெல்லிசா வைக்கணும் மச்சான். அப்பிட்டா சீக்கிரம் ஆறிடாது. டாக்டரம்மா சொல்லிக்கீறாங்க."

டாக்டரம்மாவின் கிளினிக் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பந்திக்குப் பிறகு அவர் மாமாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். மாமா நிமிர்ந்து பார்த்தார். "எம்மாத்தம் வைக்கணும் மாப்ள?" என்று கேட்டார். "உளுந்தளவு" என்றார் அப்பா, ஏதோ தானே கண்டுபிடித்த மருந்து மாதிரி.

என் காது முழுசாக ஆறியது. பிறகு மறுபடியும் குத்தினார்கள், அதே மாமா மடியில். இந்தமுறை மாமா தோட்டைத் தானே கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தார். ஆசாரியின் கம்பியையும் பிடுங்கிக் கொதிக்க வைத்தார். ஆசாரி முறைத்ததற்கு, தன் முடியை ஒதுக்கிக் காட்டினார். அதற்குப்பின் அந்த ஆசாரி யாருக்குக் குத்தினாலும் அடுப்பு மூட்டச் சொன்னாராம். வருஷம் திரும்பும்வரை கழட்டக் கூடாது என்று மாமா சொல்லவில்லை. "அழுக்குக் கையால யாரும் தொடக் கூடாது" என்று மட்டும் மலைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். என் மாங்காய் வியாபாரம் அத்தோடு படுத்தது.

அதிலிருந்து மாமா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றியதும், தண்ணீர்கூடக் குடிக்காமல், என்னைக் கிட்டே கூப்பிட்டு இரண்டு காதுமடலையும் விரலால் பிடித்துப் பார்ப்பார். தான் போட்ட தங்கம் பத்திரமாக இருக்கிறதா என்று சரிபார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அதையும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன். எங்கள் மாமன் போட்ட தோடு சாதாரணத் தோடு இல்லை, ஊர்விட்டு ஊர் வந்து சோதனை போடுகிற தோடு என்று வகுப்பில் அளந்துவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

பிற்பாடு திண்டிவனத்தில் காலேஜ் படித்தபோது, ஒரு லீவுக்கு அவசரமாகக் கிளம்பியதில் தோட்டை ஹாஸ்டல் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். வாசலில் மாமாவின் செருப்பு கிடந்தது. மாட்டிக்கொண்டோம் என்று பயந்து, என்ன பொய் சொல்லலாம் என யோசித்தபடியே உள்ளே போனேன். அவர் எப்போதும்போலக் கிட்டே கூப்பிட்டார். அதற்குள் அவர் முடி நரைத்திருந்தது. ஆனால் காதை மூடத்தான் செய்தது. என் வெறும் காதுகள் இரண்டையும் பிடித்து, மடலைக் கட்டைவிரலால் மெல்லத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நல்லாத்தான் கீது என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

தோடு எங்கே என்று அவர் கேட்கவே இல்லை.